பாராட்டாமல் பார்க்கவும்

டொக்கொரோவா, நியூசிலாந்து
6 மார்ச் 1994

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

கியா ஓரானா. இருவரும் நலமாக இருக்கிறீர்களா? அண்ணாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? அண்ணி இரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா, இல்லை கோழிக்குப் போடுகிறாரா? இங்கே காகித மில்லின் புகை இந்த மாதம் கொஞ்சம் குறைவு. அதனால் எனக்கு இழுப்பும் குறைவு. அவர் முதுகுவலியோடு வேலைக்குப் போய்வருகிறார்.

இரண்டு செய்தி. முதலாவது, எங்கள் மகள் மாராயாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. ஜனவரியில். அண்ணிதான் போர்வைக்குத் துணி வெட்டித் தரவேண்டும் என்று ஒரே பிடிவாதம். "அத்தை வெட்டின டிவைவைப் போர்வை இல்லாம நான் மணமேடைக்குப் போகமாட்டேன்" என்கிறாள். துணியை அடுத்த விமானத்தில் அனுப்புகிறேன். வெட்டிக்கொடுத்தால் நம் ஊர்ப் பெண்கள் உட்கார்ந்து தைத்துவிடுவார்கள்.

இரண்டாவது, இங்குள்ள தையல் கழகத்தில் எனக்கு எட்டுச் சினேகிதிகள். வெள்ளைக்காரப் பெண்கள், ஒட்டுப்போர்வை தைக்கிறவர்கள். கைத்தையல் என்றால் உயிரை விடுவார்கள். மே மாதம் துத்தாக்கா வாரத்தில் நம் அட்டியூ தீவுக்கு வர ஆசைப்படுகிறார்கள். சுகாதார அதிகாரிகள் வீட்டைச் சோதிக்க வரும்போது எல்லாக் கட்டிலிலும் நல்ல போர்வை விரித்திருக்குமே, அதைப் பார்க்கத்தான். எப்படி நடந்துகொள்வது, என்ன கொண்டுவருவது என்று கேட்டுக் கேட்டு என்னைத் துளைக்கிறார்கள். நீங்கள் தலைமையாசிரியராக இருந்தவர். அவர்களுக்கு ஆங்கிலத்தில் சில குறிப்புகள் எழுதித் தாருங்கள்.

உங்கள் தங்கை,
தெப்போரா


அட்டியூ
24 மார்ச் 1994

அன்புள்ள தங்கை தெப்போரா,

நீயும் உன் வீட்டாரும் நலமோடு இருக்க வேண்டுகிறோம். மாராயாவின் செய்தி கேட்டு உன் அண்ணி தாராமாய் அடுப்பில் வைத்ததை மறந்துவிட்டாள். கீரை கருகிப்போயிற்று. மகிழ்ச்சியோடு சாப்பிட்டோம். என் முழங்கால் மழைக்கு முந்தின நாள் மட்டும் வலிக்கிறது.

குறிப்புகளை எழுதிவிட்டேன். மூன்று முறை படியெடுத்தேன். இருந்தாலும் சரியாக இருக்கிறதா என்று நிச்சயமில்லை. ஆங்கிலப் பிரதி தனியாக இருக்கிறது. உனக்காக நம் மொழியில் கீழே தருகிறேன்.

"முதலில் கால்கள். செருப்பை வாசலில் விடவும். எங்கள் மண் சிவப்பு. ஒட்டினால் போகாது. வெள்ளைத் துணியில் வருவதும் நல்லதல்ல. பாவாடை முழங்காலுக்குக் கீழே இருக்கட்டும்.

அடுத்தது கைகள். வெயிலுக்குப் பூசும் களிம்பைக் கழுவிய பிறகே துணியைத் தொடவும். போர்வை விரித்த கட்டிலில் உட்கார வேண்டாம். பின்புறத்தைப் பார்க்க ஆசையிருந்தால் கேட்டுவிட்டுப் புரட்டலாம். முடிச்சுகளைப் பார்க்கத் தெரிந்தவர் என்று அறிந்தால் வீட்டுக்காரிக்கு மகிழ்ச்சியாக இருக்கும். வெறுங்கையோடு வர வேண்டாம். சாயம் போகாத பூத்தையல் நூல் கொண்டுவரவும். அடர்சிவப்பு எங்கள் கடையில் எப்போதும் தீர்ந்துபோயிருக்கும். விலை மட்டும் கேட்க வேண்டாம். 'எத்தனை நாள் தைத்தீர்கள்' என்றும் கேட்க வேண்டாம். அதுவும் விலை கேட்பது போலத்தான்.

கண்கள். கட்டிலில் விரித்திருப்பதைப் பார்க்கலாம். பெட்டியில் மடித்திருப்பதைக் காட்டச் சொல்ல வேண்டாம். அவை ஒருவருக்கென்று வைத்தவை. கல்யாணத்துக்கு வைத்திருப்பார்கள், பையனின் முதல் முடிவெட்டுக்கு வைத்திருப்பார்கள், சவப்பெட்டியைச் சுற்றவும் வைத்திருப்பார்கள். படம் எடுக்குமுன் கேட்கவும். ஞாயிற்றுக்கிழமை போர்வை, ஊசி என்ற பேச்சே கூடாது. எந்த வீட்டில் சாப்பாடு வைத்தாலும் கொஞ்சமாவது சாப்பிடவும். எட்டு வீடு போகவேண்டியிருக்கும் என்பதால் முதல் வீட்டில் நிறையச் சாப்பிட வேண்டாம்.

கடைசியாக வாய். தயவுசெய்து எதையும் பாராட்ட வேண்டாம். 'அழகு', 'அருமை' என்ற சொற்களையும், வியந்து மூச்சை இழுப்பதையும்கூடத் தவிர்க்கவும். எங்கள் பெண்கள் பாராட்டைக் கேட்டால், அந்தப் பொருளை மடித்துப் பாராட்டியவர் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். அதை மறுப்பது பெரிய அவமானம். ஆகவே நன்றாகப் பார்த்து, தலையை லேசாக அசைத்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போகவும்."

தாராமாயிடம் படித்துக் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றாள். வாய் பற்றிய பகுதியை அப்போது நான் எழுதியிருக்கவில்லை.

அன்புடன்,
கைரங்கி


டொக்கொரோவா
12 ஏப்ரல் 1994

அன்புள்ள அண்ணா,

நலம், நலமறிய ஆவல். குறிப்புகள் வந்தன. எட்டுப் பேரும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி மனப்பாடம் செய்கிறார்கள். அடர்சிவப்பு நூலை ஊரெல்லாம் தேடி வாங்கிவிட்டார்கள்.

வாய் பற்றிய பகுதிதான் எனக்கு உறுத்துகிறது. பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போய், பிள்ளையைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லாமல் திரும்பினால் எப்படி இருக்கும்? "ஆவே!" என்று நாலு பேர் கத்தினால்தானே அது துத்தாக்கா! என் வீட்டுக்காரர் சொல்கிறார், "உங்கண்ணன் முப்பது வருஷம் பசங்க வாயை மூடினது பத்தலையாம். இப்ப வெள்ளைக்காரிங்க வாயையும் மூட வந்துட்டாரு." அந்தப் பகுதியை எடுத்துவிடட்டுமா? நீங்கள் சொல்லாமல் எடுக்க எனக்குத் துணிவில்லை.

துணி அனுப்பியிருக்கிறேன். ஒன்று வெள்ளை, ஒன்று ஊதா. அண்ணிக்கு முத்தம்.

தெப்போரா


அட்டியூ
29 ஏப்ரல் 1994

அன்புள்ள தெப்போரா,

உன் வீட்டில் எல்லோரும் நலமென அறிந்து மகிழ்ந்தோம். இங்கே ஆரஞ்சு காய்த்துக் கொட்டுகிறது. தாராமாயின் இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருப்பதாகத் தாதி சொன்னாள்.

உன் கேள்வியை இரண்டு நாள் யோசித்தேன். அந்தப் பகுதி இருக்கட்டும். போன வருஷம் நம் அடுத்த வீட்டுப் பொகோவுக்கு நடந்தது உனக்குத் தெரியாது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு பெண் அவளுடைய செம்பருத்திப் போர்வையைக் கண்டு கைதட்டினாள். பொகோ அந்த நிமிடமே மடித்துக் கொடுத்துவிட்டாள். வந்தவள் பாவம், என்னவென்று தெரியாமலே நன்றி சொல்லி வாங்கிப் போனாள். அதன் பிறகு பல்வலி என்று சொல்லிக்கொண்டு பொகோ ஒரு வாரம் முகத்தில் துணியைக் கட்டித் திரிந்தாள். அவளுக்கு மேல்வரிசையில் பல்லே கிடையாது. எட்டுப் பேர் வந்து எட்டு வீட்டில் கைதட்டினால் ஊரில் என்ன மிஞ்சும்? பெண்களின் நன்மைக்காகத்தான் எழுதினேன்.

தாராமாயின் அன்னாசிப் போர்வை முடிந்துவிட்டது. கருநீலத் துணியில் அன்னாசி வடிவங்களை வைத்துத் தைத்திருக்கிறாள். நன்றாக வந்திருக்கிறது. துத்தாக்கா அன்று அதைத்தான் விரிக்கப் போகிறாளாம்.

அன்புடன்,
கைரங்கி


அட்டியூ
30 மே 1994

அன்புள்ள தெப்போரா,

உனக்கு இழுப்பு எப்படி? குளிர் தொடங்கியிருக்குமே.

உன் சினேகிதிகள் வந்து நல்லபடியாகத் திரும்பினார்கள். விமானம் அரைமணி நேரம் மட்டுமே தாமதம். யாருக்கும் வயிற்றுக் கோளாறு இல்லை. செருப்பை வாசலில் விட்டார்கள், கைகளைக் கழுவினார்கள், நூல் கொடுத்தார்கள். ஞாயிறன்று கோயிலில் எங்களோடு பாடக்கூட முயன்றார்கள். குறிப்புகளில் உள்ள அனைத்தையும் அப்படியே கடைப்பிடித்தார்கள். அதிகாரிகள் நம் வீட்டின் தண்ணீர்த் தொட்டியில் கொசு இல்லை என்று எழுதிப் போனார்கள்.

தாராமாய்க்குக் கொஞ்சம் தலைவலி. மற்றபடி வேறு செய்தி இல்லை.

கைரங்கி


டொக்கொரோவா
14 ஜூன் 1994

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் சுகம்தானே? எனக்கு இழுப்பு வந்து போயிற்று. அவர் கஷாயம் வைத்துக் கொடுத்தார். கஷாயத்தைவிட இழுப்பு தேவலை.

சினேகிதிகள் திரும்பியதிலிருந்து அட்டியூ தவிர வேறு பேச்சில்லை. மார்ஜரி என்றொருத்தி, உயரமாக, நரைத்த பின்னலோடு இருப்பாள். உங்கள் வீட்டைவிட்டு வெளியே வந்ததும் லாரியின் பின்னால் உட்கார்ந்து அழுதாளாம். ஏன் என்று கேட்டால், "சொல்ல விடலையே" என்கிறாள். எட்டுப் பேரும் நாக்கைக் கடித்துக்கொண்டுதான் வீடு வீடாக ஏறி இறங்கினார்களாம்.

அண்ணி எப்படி எடுத்துக்கொண்டார்? உங்கள் கடிதத்தில் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி இரண்டு வரி இருக்கிறது. அண்ணியைப் பற்றி ஒரு தலைவலிதான் இருக்கிறது. மாராயாவின் துணியை வெட்டியாயிற்றா? எந்த வடிவம்?

தெப்போரா


அட்டியூ
20 ஜூலை 1994

அன்புள்ள தெப்போரா,

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். மைக்கு ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் எழுத உட்காரத் தோன்றவில்லை. உன் உடல்நலத்தைப் பற்றி நினைத்துக்கொண்டுதான் இருந்தோம். குளிர் காற்றில் துணி காயப்போடாதே.

மாராயாவின் துணி பத்திரமாகக் காகித உறையில் இருக்கிறது. இங்கே காற்றில் ஈரம் அதிகம். ஈரக் காற்றில் வெட்டினால் ஓரம் இழுபடும் என்பதால் தாராமாய் கொஞ்சம் காத்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். ஜனவரிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

அவள் நலம். சாப்பிடுகிறாள். தூங்குகிறாள்.

கைரங்கி


டொக்கொரோவா
3 ஆகஸ்ட் 1994

அன்புள்ள அண்ணா,

நலம் விசாரிப்பை எல்லாம் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

ஈரக் காற்றில் துணி வெட்டக் கூடாது என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள்? அம்மா புயல் மழையில் உட்கார்ந்து வெட்டுவார். நான்தான் துணியின் முனையைப் பிடித்துக்கொள்வேன். நானும் அந்த வீட்டில்தானே வளர்ந்தேன்?

மெரியானா போனில் பேசினாள். அவள் இங்கிருந்து ஊருக்குத் திரும்பினவளாயிற்றே, தபால் நிலையத்தில் வரிசையில் நின்று, ஒன்று விடாமல் சொன்னாள். "உங்கண்ணி கத்திரியைத் தூக்கிப் பொகோ கையில குடுத்துட்டாங்க. 'இனிமே நீயே வெச்சுக்கோ, எனக்குக் கண்ணு போச்சு'ன்னாங்க. கண்ணெல்லாம் ஒண்ணும் போகல. கோழி முட்டை எங்க இருக்குன்னு வாசல்லேருந்தே சொல்றாங்க." இரண்டு மாதமாகப் பெண்கள் தையலுக்குக் கூடவில்லையாமே?

மாராயாவுக்குக் கடையில் போர்வை வாங்கிக்கொள்ளலாம். அது போகட்டும். கத்திரியைக் கொடுத்துவிட்ட ஒரு மனுஷியோடு நீங்கள் ஒரே வீட்டில் உட்கார்ந்து எனக்குத் தட்பவெப்பம் எழுதுகிறீர்களே, எப்படி முடிகிறது? என்ன நடந்தது?

முழங்கால் எப்படி?

தெப்போரா


அட்டியூ
7 செப்டம்பர் 1994

அன்புள்ள தெப்போரா,

உனக்கு நலம் உண்டாகட்டும். இந்தக் கடிதத்தைப் பலமுறை தொடங்கிக் கிழித்திருக்கிறேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். அப்படி எழுதத்தான் எனக்குத் தெரியும்.

அன்று காலை தாராமாய் அன்னாசிப் போர்வையை விரித்துவிட்டுச் சமையல் கொட்டகைக்குப் போய்விட்டாள். யாராவது பார்க்க வந்தால் அவள் அறைக்குள் நிற்கமாட்டாள். கொட்டகையில் சட்டி பானையை உருட்டுவது போல நின்று, காதை மட்டும் அறைக்கு அனுப்பிவைப்பாள். அது உனக்கும் தெரியும். நான் வாசலில் நின்று வரவேற்றேன்.

எட்டுப் பேரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அந்த அன்னாசிகளின் ஒவ்வொரு கண்ணும் அடியில் பச்சையாகத் தொடங்கி மேலே மஞ்சளாகப் பழுக்கிறது, நூலிலேயே. அவர்கள் முகம் சிவந்தது. ஒருத்தி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நீ எழுதிய மார்ஜரிதான் என்று நினைக்கிறேன். பிறகு எட்டுத் தலையும் லேசாக அசைந்தன. வெளியே போய்விட்டார்கள். பாயின் மேல் அவர்கள் காலடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

தாராமாய் கையைத் துடைத்தபடி வந்தாள்.

"போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க."

"ஒண்ணும் சொல்லலையா?"

"வெயில் அதிகம்னு சொன்னாங்க."

வெயிலைப் பற்றியும் அவர்கள் சொல்லவில்லை. ஏதாவது சொல்லவேண்டுமே என்று நான்தான் சொன்னேன்.

சாயங்காலம் பெண்கள் நம் வீட்டில் கூடினார்கள். பொகோதான் ஆரம்பித்தாள். "எங்க வீட்லயும் வாயே தொறக்கல. பொணம் பாக்க வந்தவங்க கூட 'பாவம்'னு ஒரு வார்த்தை சொல்லுவாங்க." இன்னொருத்தி, "அங்கல்லாம் இப்ப புதுசு புதுசா செய்யறாங்களாம். நம்ம வடிவம் பழசாப் போயிருக்கும்" என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தாள். ஊரில் எல்லா வீட்டுப் போர்வைக்கும் வடிவம் வெட்டியது தாராமாய்தானே. எட்டு வீட்டு மௌனமும் வந்து அவள் ஒருத்தி மடியில் விழுந்தது. அவள் எல்லோருக்கும் தேநீர் ஊற்றினாள். மறுநாள் கத்திரியைக் கொண்டுபோய்ப் பொகோவிடம் கொடுத்துவிட்டாள்.

அந்தத் தாளை எழுதியவன் நான் என்று ஊருக்குத் தெரியும். அதில் வாய் பற்றிய பகுதி இருப்பது யாருக்கும் தெரியாது. ஆங்கிலத் தாளை நம் வீட்டில் யாரும் படிப்பதில்லை. ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அவள் முகம் மாறிவிடும். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் தினமும் அவள் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறேன். ஒருநாள் சொல்லத் தொடங்கினேன். "தாராமாய், அந்த வெள்ளைக்காரப் பெண்கள்..." என்றேன். "அவங்க பேச்சு எதுக்கு? கிழங்கு வேகல, பாருங்க" என்றாள். கிழங்கைப் போய்ப் பார்த்தேன். வெந்திருந்தது.

இரவில் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். நான் பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை தேர்வுத்தாள் திருத்தியிருக்கிறேன். தவறான விடை எழுதியவனைவிட, தன் தப்புக்குப் பக்கத்துப் பையனைத் திட்டும்போது பேசாமல் இருந்தவன்மேல்தான் எனக்குக் கோபம் வரும்.

என்ன செய்யலாம், சொல்.

கைரங்கி


டொக்கொரோவா
25 செப்டம்பர் 1994

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதம் கண்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். திட்டவேண்டியதை எல்லாம் அவரிடம் திட்டித் தீர்த்துவிட்டேன். பாவம், அவர் முதுகுவலியோடு கேட்டுக்கொண்டார்.

இதோடு ஒரு ஒலிநாடா இருக்கிறது. எட்டுப் பேரையும் என் சமையலறையில் உட்காரவைத்துப் பேசச் சொன்னேன். அன்று சொல்லாமல் விட்டதை எல்லாம் சொல்லியிருக்கிறார்கள். ஆங்கிலம்தான். நீங்கள் அண்ணிக்குப் போட்டுக்காட்டி மொழிபெயர்க்க வேண்டும்.

மார்ஜரி நடுவில் உங்கள் தாளைப் பற்றியும் பேசுகிறாள். அழித்துவிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அதை அழித்தால், மிச்சத்தை நான்தான் சொல்லிக்கொடுத்துப் பேசவைத்தேன் என்று அண்ணி நினைத்துவிடுவார். அதற்கு மேல் உங்கள் இஷ்டம்.

தெப்போரா


அட்டியூ
16 அக்டோபர் 1994

அன்புள்ள தெப்போரா,

எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். இங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

ஒலிநாடா வந்த அன்று அதை என் மேசை இழுப்பறையில் வைத்தேன். தனியாக ஒருமுறை கேட்டேன். பிறகு தாராமாயிடம் மட்டும், எனக்கு ஏற்ற வேளை பார்த்துப் போட்டுக்காட்டுவது என்று முடிவு செய்தேன். என் மேல் எனக்கே நம்பிக்கையில்லை, தெப்போரா. அவளுக்கு மட்டும் போட்டிருந்தால், தாளைப் பற்றிய இடத்தில் நிறுத்தும் பொத்தானை அழுத்தியிருப்பேன். ஆனால் பொட்டலத்தை விமான நிலையத்திலிருந்து கொண்டுவந்தவள் மெரியானா. அவள் வாய் ஊரறிந்தது. மறுநாள் சாயங்காலம் பெண்கள் எல்லோரும் நம் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். "போடுங்க வாத்தியாரே, கேப்போம்" என்றாள் பொகோ.

தாராமாய் கொட்டகையில் இருந்தாள். வரமாட்டேன் என்றாள். சட்டியை உருட்டும் சத்தம் கேட்டது. போட்டேன்.

முதலில் ஒருத்தி, பொகோ வீட்டுக் கட்டில் போர்வையைப் பற்றிப் பேசினாள். மொழிபெயர்த்தேன். பொகோ தொடையைத் தட்டினாள். இன்னொருத்தி இலைகளின் வளைவைப் பற்றிச் சொன்னாள். அதையும் சொன்னேன். கொட்டகையில் சத்தம் நின்றது. பிறகு அங்கிருந்தே தாராமாய் கேட்டாள்.

"இவ்வளவு பிடிச்சிருந்தா அன்னிக்கு ஏன் ஊமையா நின்னாங்களாம்? இப்ப தெப்போரா சொல்லிக்குடுத்துப் பேசுறாங்க. நிறுத்துங்க அதை."

அப்போதுதான் மார்ஜரியின் குரல் வந்தது. அவள் நாற்பது வருஷமாகத் தைக்கிறவளாம். நம் கட்டில் பக்கத்தில் நின்றபோது, எதையும் பாராட்ட வேண்டாம் என்று தாளில் எழுதியிருந்ததால், பேசிவிடாமல் இருக்கச் சுவர்ப் பலகைகளை எண்ணிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். அந்தத் தாளை எழுதிய நல்ல மனிதர் மேல் அவளுக்குக் கோபமில்லையாம். ஆனால் அந்தப் போர்வையைச் செய்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வந்தது அவள் வாழ்க்கையில் செய்த மிக மரியாதையற்ற செயலாம்.

நான் மொழிபெயர்க்கவில்லை. விரல் பொத்தானின் மேல் இருந்தது.

மெரியானா என்னைப் பார்த்தாள். "என்ன வாத்தியாரே, இங்கிலீஷ் மறந்துபோச்சா? நான் சொல்லட்டுமா?"

"வேணாம்" என்றேன். "நானே சொல்றேன்."

எழுந்து கொட்டகை வாசலுக்குப் போனேன். "தாராமாய், பாராட்டாதீங்கன்னு அந்தத் தாள்ல எழுதினது நான்தான். அவங்க அதைக் கேட்டுத்தான் வாயை மூடிக்கிட்டாங்க. இத்தனை மாசம் தெரிஞ்சும் உன்கிட்ட சொல்லல" என்றேன். அந்தப் பெண் சொன்னதை வார்த்தை வார்த்தையாக மொழிபெயர்த்தேன்.

தாராமாய் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏன் எழுதினீங்க?"

"பொகோவுக்கு ஆன மாதிரி எல்லாருக்கும் ஆயிடுமோன்னு..."

"பொகோவுக்கு இன்னொண்ணு தைக்கத் தெரியும். ஊருக்காகப் பயந்தீங்க, சரி. உங்களுக்கு என்ன பயம்?"

இதை உனக்குக்கூட இதுவரை எழுதவில்லை. பெண்களின் நன்மைக்கு என்று எழுதினேன். அது பாதிதான் உண்மை. மீதியை அவளிடம் சொன்னேன்.

"அந்த அன்னாசி என்கூட வரணும்னு நெனச்சேன்."

"எங்க வரணும்?"

"குழிக்குள்ள. என் பெட்டியைச் சுத்தி."

பொகோதான் முதலில் சிரித்தாள். "அட, வாத்தியாருக்குச் சாகறதுக்கு எவ்வளவு அவசரம் பாரு!" மற்றவர்களும் சிரித்தார்கள். தாராமாய் சிரிக்கவில்லை. "அதைக் கேக்க உங்களுக்கு வாய் இல்லையா? அதுக்கு எட்டுப் பொம்பளைங்க வாயைக் கட்டணுமா?" என்றாள். பிறகு என்னைக் கடந்து படுக்கையறைக்குப் போனாள். போர்வையைக் கட்டிலிலிருந்து எடுத்து, நாலாக, எட்டாக மடித்தாள்.

"பாராட்டைக் காதால கேட்டாச்சு. இனி இது நம்ம வீட்டுது இல்ல. அந்தப் பின்னல்காரிக்கு அனுப்புங்க."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன உரிமை? பழைய படுக்கை விரிப்பில் சுற்றி, சணல் கயிற்றால் நாலு பக்கமும் கட்டி, முகவரியை இருபுறமும் எழுதினேன். மழையில் ஒன்று அழிந்தாலும் மற்றது இருக்கட்டும் என்று. புதன்கிழமை விமானத்தில் நானே ஏற்றிவிட்டேன். வந்து சேர்ந்ததும் மார்ஜரியிடம் கொடுத்துவிடு. அவள் மறுக்கக் கூடாது என்று சொல். எனக்கு வருத்தமில்லை என்று எழுதினால் மறுபடி பொய் எழுதியதாகும். வெறும் கட்டிலைப் பார்க்க முடியவில்லை. ஆனால் இரவில் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பதில்லை. கூரையைப் பார்த்துப் படுக்கிறாள். பேச்சு மட்டும் அளந்துதான்.

உன் அண்ணன்,
கைரங்கி


அட்டியூ
20 நவம்பர் 1994

அன்புள்ள நாத்தனார் தெப்போராவுக்குத் தாராமாய் எழுதுவது,

நீயும் உன் வீட்டுக்காரரும் மாராயாவும் சுகமா? நான் சுகம். மாத்திரையை நான்தான் சாப்பிடுகிறேன். கோழி சாப்பிடவில்லை.

மாராயாவின் துணியை வெட்டியாயிற்று. பொகோ கத்திரியைத் திருப்பித் தரும்போது முனை மழுங்கியிருந்தது. அவள் அதைக் கொண்டு மீன் செவுள் வெட்டியிருக்கிறாள். சண்டை போட்டுத் தீட்டி வாங்கினேன். பெண்கள் தினமும் வந்து தைக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்குள் உன் கைக்கு வந்துவிடும். இனி யாராவது பார்க்க வந்தால், வாயைத் திறந்து கத்தச் சொல். கொடுப்பதும் கொடுக்காததும் எங்கள் பாடு. அதையும் உன் அண்ணனைவிட்டு ஆங்கிலத்தில் எழுதவைத்து, மெரியானாவிடம் கொடுத்துச் சரிபார்த்துவிட்டேன்.

தனியாக இன்னொரு துணியும் வெட்டியிருக்கிறேன். பழுப்பில் ஈரப்பலா இலை. அதை நான் மட்டும் தைக்கிறேன். உன் அண்ணன் அதைச் சுற்றிச் சுற்றி வருவார். நூல் போதுமா என்பார். வெளிச்சம் போதுமா என்பார். யாருக்கு என்று மட்டும் கேட்கமாட்டார். தப்பு செய்தவன் எதையும் கேட்கக் கூடாது என்று அவராகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார். நானும் சொல்லவில்லை.

நேற்று மெரியானா வந்தாள். வேண்டுமென்றே செய்தாளோ, தெரியாமல் செய்தாளோ, வாசலிலேயே நின்று, "ஆவே, பெரியம்மா! என்ன அழகு, என்ன அழகு!" என்று ஊருக்கே கேட்கக் கத்தினாள். உன் அண்ணன் செய்தித்தாளைக் கீழே போட்டார். நான் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு, துணியை மெதுவாக மடிக்கத் தொடங்கினேன். ஒரு மடிப்பு. இரண்டு மடிப்பு.

"தாராமாய்" என்றார்.

"என்ன?"

"அது வேணாம். குடுத்துடாத."

"ஏன் குடுக்கக் கூடாது?"

அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஆய்வாளர் முன்னால் பாடம் மறந்த பிள்ளை மாதிரி நின்றார். மெரியானா கையை நீட்டிக்கொண்டே நின்றாள், பாவி. கடைசியில், "அது எனக்கு வேணும்" என்றார். இவ்வளவு சத்தமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

கல்யாணம் ஆனதிலிருந்து அந்த மனுஷன் என்னிடம் வாய்திறந்து கேட்ட முதல் பொருள் இது. கேட்டவருக்குக் கொடுக்காமல் இருக்க முடியாது. மடித்ததைப் பிரித்துத் திரும்ப மடியில் போட்டுக்கொண்டேன். "தரேன். ஆனா இன்னும் முடியல" என்றேன். "எப்ப முடியும்?" என்று கேட்டார். பார்த்தாயா, ஒன்று கேட்கத் துணிந்ததும் இரண்டாவது உடனே வந்துவிட்டது.

பாதி இலைதான் ஆகியிருக்கிறது, தெப்போரா. ஓரம் இருக்கிறது, நரம்பு தைக்க வேண்டியிருக்கிறது. தைத்ததில் ஒன்றிரண்டை அவ்வப்போது பிரித்துவிட்டுத் திரும்பத் தைக்கிறேன். இதை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதே. எனக்கு அவசரமில்லை.

எல்லோரும் நீடு வாழ்க.

உன் அண்ணி,
தாராமாய்